மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டும் மூன்று மணிக்கு ஏன் கை நடுங்குகிறது?

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் அடையாளங்களும் நீக்கி, சுருக்கம் மட்டும் இங்கே.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமையல் முடித்து, ஐந்தரைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் நாலு பொறையும். பிறகு கம்பெனி பஸ். மதியம் பன்னிரண்டரைக்கு எலுமிச்சை சாதமோ தக்காளி சாதமோ, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். மூன்று மணி வாக்கில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது, காரணமில்லாத எரிச்சல். பையில் இருக்கும் மிட்டாய் ஐந்தாறைத் தின்று, கூடவே ஒரு கூல்டிரிங்க் குடித்தால் பத்து நிமிடத்தில் சரியாகிறது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மறுபடியும் வருகிறது. மாமியாரின் சுகர் மிஷினைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் மூன்று முறை பார்த்திருக்கிறார்: 64, 58, இன்னொரு நாள் அதே நடுக்கத்தோடு 92. ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 5.9, வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, ஹீமோகுளோபின் 9.4. இரண்டாவது பிரசவத்தின்போது கர்ப்பகால சர்க்கரை இருந்தது. அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய்.

அவர் கேட்டிருப்பவை: "லோ சுகர் இருக்கிறவங்களுக்குச் சுகர் வியாதி வராதுன்னு சொல்றாங்களே, நிஜமா? ஐந்து மணி நேர சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கட்டுமா? அம்மாவோட சுகர் மாத்திரையில பாதி போட்டா அடங்கும்னு பக்கத்து வீட்டக்கா சொல்றாங்க. வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழுக்கு மாறியும் அதிகமாத்தான் ஆச்சு. ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்டா மட்டும் வரதில்ல, ஏன்? கணையத்துல கட்டியா இருக்குமோ? ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்குக் காவடி வேண்டியிருக்கேன், விரதம் இருக்கலாமா?" கணவர் 'வேலைக்குப் போக வணங்காம நடிக்கிற' என்று சொல்வதையும் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் கடைசி வரிக்குப் பதில். நீங்கள் நடிக்கவில்லை. வியர்வையும் படபடப்பும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரப்பதால் வருபவை. வேண்டுமென்றே வரவழைக்கவும் முடியாது, அடக்கவும் முடியாது. உங்கள் கணவரும் இந்தப் பதிலைப் படிக்கட்டும்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் 'ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா' என்கிற நிலையோடு ஒத்துப்போகிறது. சாப்பிட்ட இரண்டு முதல் ஐந்து மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பட்டினியால் வருவதல்ல, சாப்பாட்டுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. அதனால் நீங்கள் சரிசெய்ய வேண்டியது மூன்று மணி மிட்டாயை அல்ல, பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டை.

ஏன் இறங்குகிறது

சாப்பிட்டவுடன் கணையம் முதல் சில நிமிடங்களிலேயே கொஞ்சம் இன்சுலினை விட வேண்டும். அந்த முதல் சுரப்பு பலவீனமாக இருந்தால் சர்க்கரை வேகமாக மேலே போகும். அதைப் பார்த்துக் கணையம் தாமதமாக, அளவுக்கு அதிகமாக இன்சுலினைக் கொட்டும். சாதம் செரித்து முடிந்த பிறகும் அந்த இன்சுலின் ரத்தத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும். அப்போதுதான் சரிவு. எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு ஆழமாக இறங்கும்.

முதல் சுரப்பு பலவீனமாவதற்கு ஒரு பொதுவான காரணம், சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். ஆகவே 'லோ சுகர் இருந்தால் சுகர் வராது' என்பது தவறு. சிலருக்கு இதுதான் சர்க்கரை நோயின் முன்னறிவிப்பு. கர்ப்பகால சர்க்கரை இருந்தது, அம்மாவுக்கு இருக்கிறது, ஹெச்பிஏ1சி 5.9. 5.7 முதல் 6.4 வரை முந்தைய கட்டம் என்று கணக்கு. மூன்றும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. இது பயமுறுத்த அல்ல. இந்தக் கட்டத்தில் சாப்பாட்டையும் உடல் எடையையும் சரிசெய்தால் நோயைப் பல வருடம் தள்ளிப்போட முடியும், சிலருக்கு வராமலே தடுக்கவும் முடியும்.

ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். உங்கள் ஹீமோகுளோபின் 9.4. எனவே 5.9-ஐ மட்டும் நம்பி முடிவுக்கு வராமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை ஒன்றைச் செய்யுங்கள். இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழ் இருந்தால் நல்லது, 140 முதல் 199 வரை முந்தைய கட்டம், 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

உண்மையிலேயே லோ சுகரா?

இதை உறுதிப்படுத்த மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்க வேண்டும்: அறிகுறி, அந்த நேரத்தில் ரத்தத்தில் குறைந்த சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் அறிகுறி மறைவது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 55-க்குக் கீழ் போனால்தான் சந்தேகமில்லாமல் குறைவு என்கிறோம். வீட்டு மிஷின் 100-க்குக் கீழே 15 புள்ளி வரை மேலோ கீழோ காட்டினாலும் தர விதிக்குள்தான் வரும். அப்படியென்றால் உங்கள் 64 என்பது 50-ஆகவும் இருக்கலாம், 79-ஆகவும் இருக்கலாம். 58 மட்டும் ஓரளவு பலமான சாட்சி.

92 காட்டிய அந்த நாள் முக்கியம். அன்று வந்த நடுக்கம் லோ சுகரால் வந்ததல்ல, அல்லது சர்க்கரை இறங்கித் தானாக ஏறிய பிறகு மிச்சமிருந்த அட்ரினலினால் வந்தது. ரத்தசோகைக்கும் படபடப்பு வரும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும். அதனால் தைராய்டு பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். ரத்தசோகைக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல் ஒரு மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது.

மிஷினில் பார்க்கும் முறையில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். மிட்டாய் பிரித்த விரலில் குத்தினால் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். மிட்டாயைத் தொடுவதற்கு முன்பே பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடந்திருந்தாலோ தேதி தாண்டியிருந்தாலோ அந்த எண்ணை நம்பாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அறிகுறி எத்தனை மணிக்கு, அப்போது எண் என்ன, தின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் தெளிந்தது. மருத்துவருக்கு இந்த நோட்டைவிட உதவியான காகிதம் வேறில்லை.

ஐந்து மணி நேர குளுக்கோஸ் டெஸ்ட் வேண்டாம். வெறும் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்து ஐந்து மணி நேரம் காத்திருந்தால், எந்த நோயும் இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட 50-க்குக் கீழ் இறங்கும். அதைப் பார்த்து நோய் என்று முத்திரை குத்திவிடுவார்கள். உங்களுக்கு உண்மையில் தொந்தரவு தரும் சாப்பாட்டையே சாப்பிட வைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஊசியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனைதான் சரியானது. அறிகுறியோடு 55-க்குக் கீழ் இறங்கினால் அதே ரத்தத்தில் இன்சுலினையும், இன்சுலினோடு சேர்ந்து கணையம் விடும் சி-பெப்டைடையும் பார்ப்பார்கள். இதற்கு நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்று தனித் துறை இருக்கிறது. செலவு யோசனை இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டுங்கள். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க கையில் ஒட்டும் சென்சாரை இதற்காக வாங்க வேண்டாம். குறைந்த அளவுகளில் அது தடுமாறும், இரவில் அந்தக் கைமேல் படுத்தாலே பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

கட்டி பயத்தைப் பற்றி. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி மிக அரிது. அது பெரும்பாலும் சாப்பிடாமல் இருக்கும்போது, விடியற்காலையில், உணவு தாமதமாகும்போது தொந்தரவு தரும். உங்களுக்கு நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்கும்போது எதுவும் வருவதில்லை, வெறும் வயிற்றில் 98 இருக்கிறது. இது நல்ல செய்தி.

தட்டில் என்ன மாற்றுவது

பிரியாணி கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் கறி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, தயிர்ப் பச்சடியும் கத்திரிக்காயும் இருக்கின்றன. புரதமும் கொழுப்பும் வயிற்றைத் தாமதமாகக் காலி செய்வதால் சீரகச் சம்பா அரிசியானாலும் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, மெதுவாகவே இறங்குகிறது. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் என்றால் மாவுச்சத்தோடு மாவுச்சத்து, தடுப்பதற்கு எதுவும் இல்லை. இதற்காகத் தினமும் பிரியாணி சாப்பிட வேண்டாம். அந்தத் தட்டின் அமைப்பை மட்டும் டிபன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள்.

மதியத்துக்கு வடித்த சாதம் ஒரு கப், சுமார் 150 கிராம். அதில் 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல் மாவுச்சத்து இருக்கும். ஒரு வேளைக்கு அது போதும். உருளைக்கிழங்குக்குப் பதிலாக அவரை, பீன்ஸ், கீரை, நம்மூர் முள்ளுக் கத்திரிக்காய் ஏதாவது ஒன்று, சாதத்தின் அளவுக்குச் சமமாக. அதோடு இரண்டு அவித்த முட்டை, அல்லது மீன், அல்லது கெட்டியான பருப்பு. எலுமிச்சை சாதம்தான் வேண்டுமென்றால் சாதத்தைக் குறைத்து வேர்க்கடலையைத் தாராளமாகப் போடுங்கள், முட்டையைத் தனியாக வையுங்கள். சாப்பிடும் வரிசையும் முக்கியம்: முதலில் காயும் முட்டையும், பிறகு சாதம். வரிசையை மாற்றினாலே ஏற்றம் குறையும். சாப்பிட்டு முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள்.

காலையில் பொறையை நிறுத்துங்கள். அது மைதாவும் சர்க்கரையும். டீயில் சர்க்கரையை அரை ஸ்பூனுக்குக் கொண்டுவந்து, கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. ஷிப்ட் தொடங்கும் முன் மூன்று இட்லி, பருப்பு நிறைந்த சாம்பார் ஒன்றரைக் கரண்டி, அல்லது இரண்டு அடை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஐந்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் ஏழு மணி நேரம் எதுவும் இல்லை. அவ்வளவு பசியில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் வேகமாக, அதிகமாகத்தான் சாப்பிடுவார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் என்பதுதான் உங்களுக்கான கணக்கு. பத்தரை மணி டீ பிரேக்கில் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல். பிற்பகல் இரண்டரைக்கு, அதாவது நடுக்கம் வழக்கமாக வருவதற்கு அரை மணி முன்னால், இருபது இருபத்தைந்து வேர்க்கடலை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் லைனை விட்டு எழாமலே சாப்பிடலாம்.

கூழ் விஷயத்தில் பலரும் செய்யும் தவறைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமில்லை. ஆனால் நைஸாக அரைத்த மாவைத் தண்ணீராகக் கரைத்துக் காய்ச்சி, வெல்லமும் போட்டு இரண்டு நிமிடத்தில் குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் போலவே வேகமாக ஏறும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாம் ரத்தத்தில் சேர்ந்த பிறகு ஒன்றுதான். அதே கேழ்வரகைக் களியாகக் கிண்டி, கைப்பிடி அளவு சின்ன உருண்டை ஒன்றை, கீரைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ ஊற்றிச் சாப்பிட்டால் நிலைமை மாறும். ராத்திரிக்கு அது சரியான சாப்பாடு.

நடுக்கம் வந்துவிட்டால்

தையல் மிஷினிலிருந்து கையையும் காலையும் எடுங்கள், ஊசி ஓடும்போது சமாளிக்கப் பார்க்காதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். முடிந்தால் சர்க்கரையைப் பாருங்கள், முடியாவிட்டால் பார்க்காமலே மருந்துக்குப் போகலாம். 15 கிராம் குளுக்கோஸ், அதாவது தலைதட்டி மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அரை டம்ளர் தண்ணீரில். அது இல்லையென்றால் சர்க்கரை மூன்று டீஸ்பூன். சாக்லெட்டும் கிரீம் பிஸ்கெட்டும் வேண்டாம், அவற்றின் கொழுப்பு தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் காத்திருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்ததும் ஒரு முட்டையோ சுண்டலோ சாப்பிட்டே ஆக வேண்டும்.

இந்தக் கடைசிப் படியை விட்டதால்தான் உங்களுக்குச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்ப வருகிறது. ஐந்தாறு மிட்டாயும் ஒரு கூல்டிரிங்கும் சேர்ந்தால் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. அது மறுபடி ஏற்றி, மறுபடி இறக்குகிறது. மூன்று மணிக்கு எடுத்த மருந்தே ஐந்தரை மணிக்கு நோயாகிவிடுகிறது.

வீட்டிலும் லைனில் பக்கத்தில் இருப்பவரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மாத்திரைகள் பற்றிக் கண்டிப்பாக

அம்மாவின் மாத்திரையைத் தொடாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றுபவை. நாள் முழுக்க வேலை செய்யும். ஏற்கெனவே சர்க்கரை இறங்கும் ஒருவருக்குப் பாதி மாத்திரையே உயிருக்கு ஆபத்தாகலாம். அம்மாவின் மாத்திரையும் உங்கள் மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கின்றனவா என்றும் இன்றே பாருங்கள். மாறிப் போட்டு லோ சுகரோடு வருபவர்கள் உண்டு.

கை மதமதப்புக்கு மெடிக்கலில் 'நரம்பு மாத்திரை' வாங்கிப் போடுவதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அட்டையின் பின்னால் ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் என்று இருக்கிறதா என்று படியுங்கள். மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு சேர்த்து இது பல அட்டைகளில் வருகிறது. மிக அரிதாகச் சிலருக்கு இது இன்சுலினுக்கு எதிரான புரதங்களை ரத்தத்தில் உண்டாக்கி, சாப்பிட்ட பிறகு சர்க்கரையைத் தாறுமாறாக இறக்கும். இருந்தால் நிறுத்திவிட்டு, அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள். படபடப்புக்கு என்று யாராவது இதயத் துடிப்பைக் குறைக்கும் புரொப்ரனலால் மாத்திரை கொடுத்தாலும் லோ சுகர் சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள். அது எச்சரிக்கும் நடுக்கத்தை மறைத்துவிடும்.

உணவை ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காக மாற்றியும் குறையவில்லை என்றால் மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. முதல் வாய்ச் சோற்றோடு போட வேண்டும், வயிற்றில் வாயு சேரும். அது போடும்போது லோ சுகர் வந்தால் சர்க்கரை பலிக்காது, குளுக்கோஸ்தான் வேண்டும். அந்த மாத்திரை சாதாரணச் சர்க்கரையை உடைய விடாது என்பதே காரணம்.

காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: விடியற்காலையிலோ வெறும் வயிற்றிலோ இதே அறிகுறி, நினைவு தப்புவது, வலிப்பு, பேச்சுக் குழறுவது, காரணமில்லாத எடை குறைவு அல்லது தோல் கறுப்பது. வயிற்றில் எப்போதாவது அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

கம்பெனிக்கும் காவடிக்கும்

சூப்பர்வைசரிடம் 'உடம்பு சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் கிடைக்காது. மருத்துவரிடம் இரண்டே வரியில் கடிதம் வாங்குங்கள்: பத்தரைக்கும் இரண்டரைக்கும் ஐந்து நிமிடம் சிற்றுண்டிக்கு அனுமதி, அறிகுறி வந்தால் பதினைந்து நிமிடம் மிஷினை விட்டு எழ அனுமதி. நேரமும் நிமிடமும் எழுதிக் கேட்டால் மறுப்பது கடினம். கம்பெனி நர்ஸிடம் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பவுடர் கொடுத்து வையுங்கள்.

ஆடிக் கிருத்திகை விரதத்தில் சர்க்கரையை விட உங்கள் 9.4 ஹீமோகுளோபின்தான் எனக்குக் கவலை. அதோடு வெறும் வயிற்றில் வள்ளிமலைப் படி ஏற வேண்டாம். முழுப் பட்டினிக்குப் பதிலாகப் பாலும் பழமும் எடுக்கும் விரதமாக வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிடாமல் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. முடிக்கும்போது பானகமும் சர்க்கரைப் பொங்கலும் முதலில் வேண்டாம். மோரும் சுண்டலும் எடுத்து, அரை மணி கழித்துச் சாதம், பிரசாதப் பொங்கல் கடைசியில் ஒரு வாய். கூட வருபவர் பையில் குளுக்கோஸ் பவுடரும் தண்ணீரும் இருக்கட்டும். அதற்குள் இரண்டு மணி நேர குளுக்கோஸ், தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிட்டு, இரண்டு வார நோட்டோடு மருத்துவரைச் சந்தித்துவிடுங்கள்.